பிரிக்காத பூப்பொட்டலம்

கருங்கல்மேட்டில் இன்றைக்கும் பிளஸ் டூ முடித்த பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று பேச்சு வந்தால், பேசுகிறவர்கள் முதலில் குரலைத் தாழ்த்திக்கொண்டு தங்கள் வீட்டு அட்டாலியை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார்கள்; அங்கே அண்டாவும் குண்டாவும் பழைய மிக்ஸிப் பெட்டியும் தவிர வேறொன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் மேற்கொண்டு வாயைத் திறப்பார்கள். இந்தப் பழக்கம் ஊருக்குச் சாந்தாமணி வீட்டிலிருந்து வந்தது.

சாந்தாமணியின் புருஷன் நாச்சிமுத்து போர்வெல் லாரிக்காரர். சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் அடுத்தவர் நிலத்தில் துளை போட்டுத் தண்ணீர் தேடிக்கொண்டிருப்பார், ஆடிக்கும் பொங்கலுக்கும் ஊர் வருவார், வந்த நாளெல்லாம் தூங்குவார். ஆகவே வீடு என்றால் சாந்தாமணியும் மகள் கோபிகாவும்தான். கோபிகா நன்றாகப் படிப்பாள், அதைவிட நன்றாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு லேசில் கிளம்பாது; பழைய டிவிஎஸ் வண்டி மாதிரி இரண்டு மூன்று உதை வாங்கி, ஹ்ஹ, ஹ்ஹ என்று திணறி, அப்புறம் பிடித்துக்கொண்டால் தெருக்கோடி வரைக்கும் ஓடும். எதிர்வீட்டு ராஜாமணியக்கா கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, என்ன விஷயம் என்றே தெரியாமல் தானும் சிரிப்பாள். வயசுப்பெண் இப்படியா சிரிப்பது என்று சாந்தாமணி அதட்டுவாள், அதட்டும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

மார்க் வந்தது. கவுன்சலிங்கில் கேட்டால் கிடைக்கக்கூடிய காலேஜ்கள் இரண்டு, இரண்டும் நெடுஞ்சாலை ஓரத்தில்தான், ஒன்று ஊருக்கு மேற்கே, மற்றது கிழக்கே. மேற்கே இருந்ததற்கு ஊர் வைத்த பெயர் வாய்ப்பூட்டுக் காலேஜ். அங்கே ஆண்பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு, பெண்பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு, பஸ்ஸுக்குள் நடுவில் திரை, செல்போன் கண்ணில் பட்டால் அபராதம், வராந்தாவில் சிரித்தால் அதற்கும் அபராதம். வேலை கிடைத்த பிள்ளைகளின் படங்களை வரிசையாக அச்சடித்து டோல்கேட் பக்கத்தில் பெரிய பலகை வைத்திருந்தார்கள், அந்தப் படங்களில் ஒருத்தர் பல்லும் தெரியாது. கிழக்கே இருந்ததற்குப் பெயர் கூத்துக் காலேஜ். அங்கே வருஷா வருஷம் கல்ச்சுரல்ஸ், டிஜே, கலர்ப்பொடி, புகை கக்குகிற மேடை, பிறந்தநாள் என்றால் முகமெல்லாம் கேக், ஒரே வண்டியில் ஆணும் பெண்ணுமாக ஏற்காடு. அங்கேயும் வகுப்பு நடந்தது, நல்ல வாத்தியார்கள் இருந்தார்கள், முந்தின வருஷம் அங்கே படித்த ஒரு பெண் ரேங்க்கூட வாங்கினாள். ஆனால் ரேங்க் வாங்கியவளைப் பற்றிப் பேசுவதில் ஊரில் யாருக்கும் சுவாரசியம் இருக்கவில்லை.

ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னார்கள். ராஜாமணியக்காவின் அண்ணன் மகன் வாய்ப்பூட்டில் படித்து பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறான், அதனால் என்ன, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறதே என்றாள் அக்கா. நாச்சிமுத்துவின் தம்பி குப்புராசு, கூத்துக் காலேஜுக்குப் போன பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது கஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். கோபிகாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை, அவள் தானாகவேதான் சொன்னாள். கூத்துக் காலேஜின் லேபைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள், அங்கே சொல்லிக்கொடுக்கிற மேடம் ஒருத்தரோடு வெகுநேரம் பேசியும் இருந்தாள்.

"அங்கயும் படிக்கலாம்மா," என்றாள். "சிரிச்சுட்டே படிக்கலாம்."

சாந்தாமணி முடியாது என்றாள். அவள் பயம் படிப்பைப் பற்றியது அல்ல. கண்ணுக்கெட்டாத இடத்தில் தன் பெண் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை யார் யாரோ கேட்பார்கள் என்பதுதான் அவள் பயம். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டில் சோறு இறங்காமல் போனபோது, நாச்சிமுத்து போனில், பின்னால் துளை போடுகிற ரிக் இரைகிற சத்தத்துக்கு மேலே கத்தி, அம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்த்து முடிவு செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் அதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இரண்டையும் வாழையிலைத் துண்டில் மடித்து நாரில் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும், எந்தப் பூ வருகிறதோ அதுவே வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும், நடக்காததை யாரும் திறந்து பார்க்கக்கூடாது. வெள்ளை வந்தால் மேற்கே, சிவப்பு வந்தால் கிழக்கே என்று பேசிக்கொண்டார்கள். விடிகாலையில் வாசலில் நின்ற இரண்டு அரளிச் செடிகளிலும் பூப் பறிக்கப் போன சாந்தாமணி வெள்ளையில் மட்டும் பறித்தாள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள். அம்மனை ஏமாற்றுவதாக அவள் நினைக்கவில்லை, இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அம்மனைத் தொந்தரவு செய்வானேன் என்றுதான் நினைத்தாள்.

கோபிகாவே எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். மற்றதைக் கிணற்றில் போடப் பூசாரி கை நீட்டுவதற்குள், நார் அவிழ்ந்து உள்ளே இருப்பது தெரிந்துவிடுமோ என்று பதறிப்போன சாந்தாமணி, தானே போட்டுவிடுவதாகச் சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டாள். கிணற்றடியில் கூட்டமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள், வந்ததும் சமையலறைக்கு மேலே பித்தளைச் சாமான் அடுக்கியிருக்கிற அட்டாலியில், பெரிய அண்டாவுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, அத்தோடு அதை மறந்தும்போனாள்.

கோபிகாவைத் திரை போட்ட பஸ்ஸில் ஏற்றி விடுதிக்கு அனுப்பிய அன்று சாயங்காலம், அட்டாலியிலிருந்து ஒருவன் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். அதைத் தொடர்ந்து கும்மென்று பாட்டு கிளம்பிற்று. அண்டா அதிர்ந்தது, குத்துவிளக்கு இடம்பெயர்ந்தது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்த ராஜாமணியக்கா, அட்டாலிக்குக் கீழே நின்று கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, எலி புகுந்திருக்கும் என்றாள், அப்புறம் எலிக்கு ஏது மைக் என்று தானே திருத்திக்கொண்டாள். கூத்துக் காலேஜில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பேர் சொல்லச் சொன்னார்கள். ஹ்ஹ, ஹ்ஹ என்று ஒரு சிரிப்பு திணறித் திணறிக் கிளம்பி, பிடித்துக்கொண்டு, சமையலறையைச் சுற்றி ஓடியது. "கோபிகா, கருங்கல்மேடு," என்றது குரல். சாந்தாமணி களைந்துகொண்டிருந்த அரிசியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைத் தேடினான், ஒயர் இல்லை. பூசாரி வந்து தீர்த்தம் தெளித்து, வெறும் சத்தம்தானே, கடிக்கிறதா பிடுங்குகிறதா என்று கேட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். பொட்டலத்தைப் பற்றிச் சாந்தாமணி யாரிடமும் மூச்சுவிடவில்லை, ஏணி போட்டு ஏறி அதைத் தொடவும் அவளுக்குத் தைரியமில்லை. ஊர் பழகிக்கொண்டது. சாயங்காலமானால் பெண்கள் அவரைக்காயும் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டு அட்டாலிக்குக் கீழே வந்து உட்கார்ந்து ஆய்ந்தபடியே கேட்டார்கள், மேலே இருக்கிறவளின் சிநேகிதி பெயர் ஷாலினி, வண்டி வைத்திருக்கிறவன் பெயர் அஸ்வத், மெஸ்ஸில் செவ்வாய்க்கிழமை இட்லி கல்லாக இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பரீட்சைக் காலத்தில் மேலே பாட்டு நின்றுபோய், கூட்டமாக உட்கார்ந்து படிக்கிற முணுமுணுப்பும் ஒரு கணக்குக்கு விடை எது என்று அடித்துக்கொள்கிற சத்தமும் கேட்டன. அப்போதெல்லாம் பெண்களுக்குக் கொட்டாவி வந்து சீக்கிரமே எழுந்து போய்விட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்துகூட, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் காதில் கேட்டு முடிவுசெய்யலாம் என்று கூட்டிவந்தார்கள். பெற்றவர்கள் கேட்டுவிட்டு மேற்கே என்றார்கள், பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கிழக்கே என்றார்கள், போகும்போது ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனார்கள்.

போகப்போக மேலே இருக்கிறவளைப் பற்றிக் குற்றம் குறையும் கிளம்பிற்று. குப்புராசு ஒருநாள் வாசலில் நின்றபடியே கோபமாகச் சொன்னார்.

"மேல இருக்கறவள அடக்கி வெய்யுங்க அண்ணி. அந்தப் பையன் வண்டியில போறா, வாறா. நாளைக்கு மாப்ள வூட்டுல கேட்டா நாங்க என்னங்க சொல்றது?"

அது என் பெண் இல்லை என்று சாந்தாமணியால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது, தலைகுனிந்து நின்றாள். ஜாதகம் கேட்டு வந்த தரகர், கீழே இருக்கிற பெண்ணுக்கா மேலே இருக்கிற பெண்ணுக்கா என்று மரியாதையாக விசாரித்துவிட்டு, இரண்டும் வேண்டாம் என்று கிளம்பினார். இத்தனைக்கும் நடுவில், யாரும் இல்லாத மத்தியானங்களில், சாந்தாமணி அட்டாலிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்து அந்தச் சிரிப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்டும் பார்த்தாள். மேலே இருந்து பதில் வராது. மேலே பேசுவது இவளுக்குக் கேட்டது, இவள் பேசுவது மேலே கேட்கவில்லை.

கோபிகா லீவுக்கு வந்தால் அட்டாலி அடங்கிவிடும். முதல் தீபாவளிக்கு வந்தவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். அடுத்த தீபாவளிக்கு வந்தவள் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள், ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் குடிக்கலாமா என்றாள். சொந்த வீட்டு மாடிப்படியில் இடது பக்கச் சுவரை ஒட்டியே ஏறினாள், சுவரை ஒட்டியே இறங்கினாள். மார்க் மட்டும் வகுப்பிலேயே முதலாக வந்தது. ராஜாமணியக்கா ஏதோ கேலி பேசியபோது ஹ்ஹ என்று ஒரு உதை மட்டும் கேட்டது, உடனே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து பேச விடுவார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் சொன்னது ஒன்றேதான். "சாப்ட்டேன்மா. படிக்கறேன்மா. வெச்சர்றேன்மா."

அவளை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சாந்தாமணி போனில் அழுதாள். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளையை எதற்கு எடுப்பது, அம்மன் கொடுத்த வாக்கை மாற்றுவாயா என்று நாச்சிமுத்து கேட்டார். வாக்கை மாற்ற வேண்டுமென்றால் வாக்கே இல்லை என்று சொல்ல வேண்டும். சாந்தாமணி போனை வைத்துவிட்டாள். தான் கட்டிய முடிச்சுக்குள் தானே மாட்டிக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது, அதை அவிழ்க்கும் தைரியம்தான் வரவில்லை.

மூன்றாம் வருஷம் கல்ச்சுரல்ஸ் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், மேலே வண்டிகள் கிளம்பின. ஏற்காட்டுக்கு. அட்டாலிக்குக் கீழே வழக்கத்தைவிடக் கூட்டம். வளைவுக்கு வளைவு வண்டி இரைவது கேட்டது, காற்று கேட்டது, பின்னால் உட்கார்ந்தபடி அவள் சிரிப்பது கேட்டது, அந்தச் சிரிப்பு எந்த உதையும் வாங்காமல் முதலிலேயே பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது, மெதுவாகப் போகச் சொல் என்று கீழே இருந்த கிழவர்கள்கூட அட்டாலியைப் பார்த்துக் கத்தினார்கள். ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்தது. அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

சாந்தாமணி விடுதிக்குப் போன் போட்டாள். உங்கள் பெண் ஸ்டடி ஹாலில் இருக்கிறாள், எது என்றாலும் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளுங்கள் என்றார் வார்டன். ஊர் என்ன செய்வதென்று யோசித்துவிட்டு, சாமியானாக் கடையிலிருந்து நாற்காலி வரவழைத்து வாசலில் போட்டது. ஆண்கள் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்தார்கள், பெண்கள் சாந்தாமணியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள், உறவுக்காரர்கள் அரிசியும் காயும் கொண்டுவந்து இறக்கினார்கள். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் மட்டும் குழப்பம் வந்தது. சிலர் குளித்தார்கள், சிலர் கால் கழுவியதோடு சரி. நல்லவேளை நீ அங்கே சேர்க்கவில்லை, ஒரு பிள்ளையாவது தங்கிற்று என்று ஆளாளுக்கு அவள் முதுகைத் தடவினார்கள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்கும் தோன்றியது. தோன்றியதும், அப்படித் தோன்றியதற்காகவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அது வரவேண்டிய நேரத்துக்கு அட்டாலி பேசியது. "சாப்ட்டேன்மா. படிக்கறேன்மா. வெச்சர்றேன்மா."

மறுநாள் கிழக்கேயிருந்து வந்த டவுன் பஸ்ஸில் கோபிகா இறங்கினாள். கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல், முடியில் இன்னும் போகாத கலர்ப்பொடி. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு அவளுக்கு முன்னால் தெருவுக்குள் வந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. மேலே இருந்தவள் இறங்கிவிட்டாள், கீழே இருந்தவள் ஏறிவிட்டாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது, நாற்காலிகளை சாமியானாக் கடைக்காரன் எடுத்துப் போனான். சாந்தாமணி மறுபடியும் வார்டனுக்குப் போன் போட்டபோது, தினமும் அட்டெண்டன்ஸ் சரியாக இருக்கிறதே, எதற்கு அடிக்கடி கூப்பிடுகிறீர்கள் என்று கடிந்துகொண்டார்.

வந்தவள் கேட்டுச் சாப்பிட்டாள், தூங்கினாள், ராஜாமணியக்காவைக் கிண்டலடித்தாள், காலேஜ் பாடத்தைக் கேட்டால் அதையும் கடகடவென்று சொன்னாள். அவளை வாரியணைத்துக்கொள்ள சாந்தாமணிக்கு ஆசையாக இருந்தது, கிட்டே போகப் பயமாகவும் இருந்தது. மேலே பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நடுநடுவே, "தண்ணி குடிக்கலாங்களா மேடம்?" என்று ஒரு குரல். யாரும் பதில் சொல்லாததால் மறுபடியும் கேட்கும். "குடி கண்ணு, குடி சாமி," என்று சாந்தாமணி கீழிருந்து கத்துவாள், அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கூட மேலே ஏற்றி வைத்தாள். கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அந்தக் குரலைக் கேட்க விரும்பாமல் பெண்கள் அவரைக்காயை அவரவர் வீட்டிலேயே ஆய்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள்.

கையில் மாவுக்கட்டைப் பிரித்த அன்று காலையில் சாந்தாமணி அடுப்படியில் இருந்தபோது மகள் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாழையிலைத் துண்டில் மடித்து நாரில் கட்டிய இரண்டு பொட்டலங்களை நடுவில் வைத்தாள்.

"ரெண்டு பேரு ஒரு வூட்டுல இருக்க முடியாதும்மா. பூக் கட்டியிருக்கேன். இந்தத் தடவ நீ எடு."

வெள்ளை வந்தால் மேலே இருக்கிறவள் இறங்கி வரட்டும், தான் போய்விடுகிறேன் என்றாள். சிவப்பு வந்தால் தான் இருந்துகொள்கிறேன் என்றாள். சாந்தாமணியின் கை மடியிலிருந்து எழவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். அன்றைக்கு இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன் என்றாள். அம்மன் மேல் பாரத்தைப் போட்டு நானேதான் உன்னை அனுப்பினேன் என்றாள்.

மகள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"தெரியும்மா. அன்னைக்குக் கோயிலுக்குக் கெளம்பறப்ப செவ்வரளிச் செடியப் பாத்தேன். ஒரு பூவுங் கொறையல."

"தெரிஞ்சுமா எடுத்த?"

"நீ அவ்வளவு ஆசப்பட்டியே."

மேலே தாள் புரளும் சத்தம் நின்றது. தண்ணி குடிக்கலாங்களா என்று அது கேட்டது. சாந்தாமணி அட்டாலியை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பயந்து வாசல் பக்கம் பார்வையைத் திருப்பினாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே இரண்டு அரளிச் செடிகளும் வெயிலில் நின்றன. செவ்வரளி மொட்டையாக இருந்தது. வெள்ளரளியில் பூவெல்லாம் அப்படியே இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை.

எதிரில் இருந்தவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்தவள் இன்னொரு தரம் கேட்டாள். சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையை நீட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.